பன்னிரண்டு மைக்ரான்

மணவாள நகர், திருவள்ளூர்
12.3.2006

தமீம் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நிச்சயம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நானாகக் கடிதம் எழுதுகிறேன். மன்னியுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது வாப்பாவின் செல்போன் ஒன்றுதான். அதில் நான் பேசினால் வீடே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கும். தனியாக இருந்தாலும் போனில் எனக்கு "ம்" தவிர வேறு வார்த்தை வருவதில்லை. நிச்சயத்தன்று வெற்றிலைத் தட்டுக்கு அடியில் உங்கள் கம்பெனி முகவரி அட்டையை வைத்துவிட்டுப் போனீர்கள். பின்பக்கத்தில் "வீட்டுக்கு எழுதினால் உம்மா பிரிப்பாங்க" என்று இருந்ததைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது.

என் கண்ணாடியை நிக்காஹ்வுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று உங்கள் உம்மா சைதா மாமி சொன்னார்கள் அல்லவா? போன சனிக்கிழமை வாப்பாவும் நானும் சென்னைக்குப் போய்க் கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். மூன்று மணி நேரம் ஒவ்வொரு மெஷினிலும் தாடையை வைக்கச் சொன்னார்கள். கடைசியில் என் இரண்டு கண்களையும் நிலப்படம்போலக் கலரில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வலது கண்ணுக்குப் பவர் மூன்றரை. இடது கண்ணுக்கு ஆறு. கருவிழியின் கனமும் இடதில் குறைவு.

டாக்டர் அம்மா இரண்டு கண்களுக்கும் இரண்டு விதமான சிகிச்சை சொல்கிறார்கள். வலது கண்ணுக்கு லேசிக். கருவிழியின் மேல் ஏட்டைப் புத்தக அட்டைபோல வெட்டித் திறந்து, உள்ளே லேசர் அடித்து, மூடிவிடுவார்கள். மறுநாளே பார்வை வந்துவிடும். இடது கண்ணில் அப்படி வெட்டக் கூடாதாம். வெட்டாமல் மேலே இருக்கும் சவ்வை மட்டும் வழித்துவிட்டு லேசர் அடிப்பது இன்னொரு முறை. அதற்குப் பிஆர்கே என்று பெயர். நான்கு நாள் வலிக்கும். கண் சிவந்திருக்கும். பார்வை தெளிய இரண்டு மாதம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம் என்றார்கள்.

நம் நிக்காஹ் ஜூன் பதினொன்று. அன்று என் இடது கண் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. என்ன செய்யலாம் என்று மாமியிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் கேட்டு எழுதினால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்றும் நிச்சயத்தன்றும் மாமி என்னைக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். அதனால் உங்கள் முகம் எனக்கு மங்கலான ஒரு வட்டமாகத்தான் தெரிந்தது. எல்லோரும் "மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்டபோது நல்லா இருக்கார் என்று சொல்லிவிட்டேன்.

ஜபீன்

*

சிப்காட், கும்மிடிப்பூண்டி
19.3.2006

ஜபீனுக்கு,

சலாம். உன் லெட்டரை டெஸ்பாட்ச் செக்ஷனில் எல்லார் எதிரிலும் கொடுத்தான் செக்யூரிட்டி. "இன்னா தமீம் பாய், கல்யாணத்துக்கு முன்னாடியே நோட்டீஸ் வருது?" என்று ஒரே கலாட்டா. பரவாயில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பி.எஸ்சி. என்றால் சும்மாவா? எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நானும் நௌஷீனும்தான். நான் ஐ.டி.ஐ., தங்கச்சி பிளஸ் டூ.

விஷயத்துக்கு வருகிறேன். உம்மாவிடம் இரண்டு வகையையும் சொன்னேன். லேசிக் என்றதும் உம்மா கேட்ட கேள்வி: "பேர்லியே லேசுன்னு இருக்குது. அத வுட்டுட்டு அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு ஒரு கண்ணுக்குக் கஷ்டமானத செஞ்சிக்கினு கீது?" எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார், அதில் நியாயம் இருக்கிறது. ஒரு ஆளுக்கு இரண்டு கண். இரண்டுக்கும் ஒரே வேலையாகச் செய்தால்தானே இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்? ஒரு கதவுக்குப் பெயின்ட், இன்னொரு கதவுக்கு வார்னிஷ் அடிப்பார்களா?

இரண்டு கண்ணுக்கும் லேசானதையே செய்யச் சொல். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படித்தான் பயம் காட்டுவார்கள். ஜூனில் கண் சிவந்துபோய் வந்து உட்கார்ந்தால் பழவேற்காட்டிலிருந்து வருகிற எங்கள் சனம் மெட்ராஸ் ஐ என்று சொல்லித் தள்ளி உட்காரும்.

முகம் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு உன் முகம் நன்றாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டிருந்த தடம் மூக்கின் இரண்டு பக்கமும் இருந்தது.

தமீம் அன்சாரி

*

மணவாள நகர்
2.4.2006

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். உங்கள் பேச்சை மறுப்பதாக நினைக்க வேண்டாம். ஒரு கணக்கை மட்டும் உங்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். இரும்புத் தகட்டோடு இருப்பவர் நீங்கள், அதனால் உங்களுக்குப் புரியும்.

காக்களூர் கம்பெனியில் என் வேலை உங்களுக்குத் தெரியும். இன்ஜினுக்குள் வைக்கிற மெல்லிய தகடுகளை மைக்ரோமீட்டரில் அளந்து, சரியாக இருந்தால் பச்சைத் தட்டிலும் இல்லாவிட்டால் சிவப்புத் தட்டிலும் போடுவேன். கண்ணையும் மைக்ரானில்தான் அளக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது எனக்குச் சொந்த ஊர்க்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. டாக்டர் அம்மாவிடம் எண்களைக் கேட்டு வாங்கி வந்தேன். "நீங்க டீச்சரா?" என்று கேட்டார்கள்.

என் இடது கருவிழியின் கனம் 482 மைக்ரான். லேசிக்கில் வெட்டித் திறக்கும் ஏடு 160. அதை மூடினாலும் அது பழையபடி தாங்காது, அதனால் கணக்கில் சேர்க்கக் கூடாதாம். லேசர் ஒரு பவருக்குப் பதினாலு மைக்ரான் தின்னும். ஆறு பவருக்கு 84. இரண்டையும் கழித்தால் மீதி 238. குறைந்தது 250 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாள் போகப் போகக் கருவிழி உள்ளழுத்தத்தைத் தாங்காமல் முன்னால் பிதுங்கிவிடலாம். பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை நேராகாது. பிஆர்கேவில் ஏட்டை வெட்டுவது இல்லை, அதனால் தாராளமாக மிஞ்சும். வலது கண் தடிமனாக இருக்கிறது, பவரும் குறைவு, அதற்கு எது செய்தாலும் தாங்கும்.

பன்னிரண்டு மைக்ரான்தான் குறைகிறது. ஒரு தலைமுடியின் கனத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆனாலும் என் மேசையில் வந்தால் நான் அதைச் சிவப்புத் தட்டில்தான் போடுவேன்.

நிக்காஹ்வை இரண்டு மாதம் மட்டும் தள்ளி வைக்க முடியுமா? முடியாது என்றால், கண்ணாடியோடே வந்தால் மாமி பெரிதாகக் கோபித்துக்கொள்வார்களா?

ஜபீன்

*

கும்மிடிப்பூண்டி
9.4.2006

ஜபீனுக்கு,

கணக்கெல்லாம் பார்த்தேன். படித்த பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளைக்கு டியூஷன் இலவசம் என்று ஃப்ரெண்ட்ஸ் சொன்னது சரிதான். உன் லெட்டரை அவர்களிடம் காட்டினேன். பன்னிரண்டு மைக்ரானுக்கா இவ்வளவு என்று கேட்கிறார்கள். எங்கள் ஷீட்டில் பன்னிரண்டு மைக்ரானை எவனும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

உங்கள் கம்பெனியிலும் டீவியேஷன் என்று ஒன்று இருக்குமே? அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், வண்டி கேட்டில் நிற்கும், சரக்கு போயாக வேண்டும். அப்போது ஒரு பேப்பரில் எழுதி, பெரியவர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் சிவப்புத் தட்டில் இருப்பதும் போய்விடும். இதுவரை எந்த வண்டியாவது நின்றிருக்கிறதா? கோபித்துக்கொள்ளாதே, வீட்டில் உன்னையே அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். "சோடாபுட்டிப் பொண்ண டீவியேஷன்ல பாஸ் பண்ணிக்கீறோம்" என்றேன், உம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தேதி மாறாது. உம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கண்ணாடி போட்டுக்கினு வர்றதுன்னா அவ வாப்பா ஊட்லியே இருக்கட்டும். எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல." நான் உன் பக்கம் பேசிப் பார்த்தேன். முடியவில்லை.

இந்த லெட்டரோடு ஒரு விலாசம் வைத்திருக்கிறேன். என் ஃப்ரெண்டுக்குத் தெரிந்த இடம். அங்கே இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் லேசிக் செய்து அனுப்பிவிடுவார்கள். கேள்வி கேட்கமாட்டார்கள். நீயும் கேட்காதே.

த.அ.

*

மணவாள நகர்
21.5.2006

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கண்ணாடி இல்லாமல் எழுதும் முதல் கடிதம் இது.

மே ஆறாம் தேதி நீங்கள் கொடுத்த விலாசத்துக்கே போனோம். பழைய ரிப்போர்ட்டைக் காட்டினேன். அங்கிருந்த டாக்டர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "பார்டர்லைன்தான், பண்ணிடலாம்" என்றார். பிறகு நான்கு பக்க ஆங்கிலத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். வாப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடம் கருவாட்டுக் கடையில் உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தவர். "நீதான் படிச்ச பொண்ணாச்சே. நீயே பாத்து போட்டுடும்மா" என்று என்னிடம் நீட்டினார். மூன்றாம் பக்கத்தில், கருவிழி மெலிந்திருந்தால் பின்னாளில் பிதுங்கலாம் என்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வாப்பா "இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் போடறதுதான்" என்றேன்.

வலி பெரிதாக இல்லை. கண்ணை எதையோ வைத்து உறிஞ்சிப் பிடிப்பார்கள், சில வினாடி எல்லாம் இருட்டிவிடும். பிறகு சிவப்பாக ஒரு புள்ளி. முடி கருகும் வாசனை. அவ்வளவுதான். மறுநாள் காலையில் மாடியிலிருந்து ரயில் பெட்டியில் எழுதியிருந்த எண்ணைப் படித்தேன். ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று அடக்கிக்கொண்டேன்.

போன ஞாயிறு நீங்களும் மாமியும் நௌஷீனும் பார்க்க வந்தீர்கள். உங்கள் முகத்தை நேரில் தெளிவாக அன்றுதான் பார்த்தேன். இடது புருவத்துக்குக் கீழே ஒரு மச்சம், தாடையில் அன்றைக்குச் சவரம் செய்த கீறல். மாமி என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். சுவரில் இருந்த காலண்டரின் அடிவரியைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். நௌஷீன் வாசலருகே நின்று தன் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், உள்ளே வரவில்லை.

நீங்கள் போன பிறகு வாப்பா சொன்னார், ஜூன் பதினொன்று இல்லையாம், தேதியைத் தள்ளி வைக்க மாமி கேட்டார்களாம். ஏன் என்று வாப்பாவுக்கும் தெரியவில்லை. அந்தத் தேதிக்காகத்தான் எல்லாம் செய்தோம். தவறாக எதுவும் நடந்துவிட்டதா மச்சான்?

ஜபீன்

*

கும்மிடிப்பூண்டி
4.6.2006

ஜபீனுக்கு,

ஒன்றும் தவறு இல்லை. நௌஷீனுக்கும் இடம் வந்திருக்கிறது. நெல்லூர் மாப்பிள்ளை. இரண்டு நிக்காஹ்வையும் ஒரே நாளில் வைத்தால் ஒரே பந்தல், ஒரே பிரியாணி என்று உம்மா நினைக்கிறார்கள். பக்ரீத் கழித்து வைத்துக்கொள்ளலாம். நீ பேஜாரு ஆகாதே.

உன் கண்ணைப் பற்றித்தான் வீட்டில் ஒரே பேச்சு. தனித் தாளில் சில கேள்விகள் இருக்கின்றன. ஒன்று விடாமல் பதில் எழுது.

த.அ.

(தனித் தாள்)

1. கண்ணுக்கு மை போடலாமா? எத்தனை நாள் கழித்து?
2. வெங்காயம் உரித்தால் முன்பு மாதிரி எரிகிறதா?
3. தொழுகையில் சஜ்தாவுக்கு நெற்றியைத் தரையில் வைக்கும்போது கண்ணில் பாரம் தெரிகிறதா?
4. உறிஞ்சிப் பிடிக்கும்போது கத்திவிட்டால் திட்டுவார்களா?
5. கண்ணாடி இல்லாமல் கண்ணாடியில் முகம் பார்க்கும்போது எப்படி இருந்தது?

*

மணவாள நகர்
18.6.2006

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கேள்விகளைப் படித்துவிட்டு வெகு நேரம் அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தேன். போன கடிதங்களைப் படித்தபோது உங்களைக் கொஞ்சம் கல்மனசுக்காரர் என்று நினைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். வெங்காயத்தைப் பற்றியும் மையைப் பற்றியும் யோசிக்கிற ஆண்பிள்ளை யார் இருக்கிறார்கள்? பக்கத்துப் பேக்கிங் மேசை ரோசம்மாளிடம் சொன்னேன். "ஏய், மை போடலாமான்னு ஆம்பள கேட்டானா? ஒண்ணு அவன் ரொம்ப நல்லவன், இல்லன்னா அது அவன் எழுதுனது இல்ல" என்றாள். அவளுக்கு எப்போதும் விளையாட்டுத்தான்.

தாள் ஓரம் சிவப்புக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்தது. எழுத்தும் குண்டாக இருந்தது. உங்கள் கை அழுக்காக இருக்கும்போது யாரையோ எழுதச் சொல்லியிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதில்கள்: மை ஒரு மாதத்துக்குப் பிறகுதான், அதுவும் வெளி ஓரத்தில் மட்டும். வெங்காயம் முன்புபோல எரியவில்லை. கண் வறண்டிருக்கிறது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சஜ்தாவில் பாரம் இல்லை. முதல் வாரம் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். கத்தினால் திட்டமாட்டார்கள், ஆனால் அசையக் கூடாது. ஒரு நர்ஸ் கையைப் பிடித்துக்கொள்வார். நான் அவர் விரலை நெரித்துவிட்டேன்.

ஐந்தாவது கேள்விக்குப் பதில் எழுத வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இத்தனை நாள் என் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. அழகாகத்தான் இருந்தேன்.

உங்கள் ஜபீன்

*

மணவாள நகர்
26.11.2006

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரம்ஜானுக்கு எழுதிய கடிதத்துக்கும் அதற்கு முன் எழுதியதற்கும் பதில் வரவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

தீபாவளி சமயத்தில் என் மேசையிலிருந்து போன தட்டுகளில் நான்கு திரும்பி வந்தன. பச்சைத் தட்டில் நான் போட்டவை. எல்லாம் அளவு தவறியவை. மைக்ரோமீட்டரின் சின்னக் கோடுகள் எனக்கு இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கின்றன, எது உண்மையான கோடு என்று நானாக ஊகித்திருக்கிறேன். ரோசம்மாள்தான் கண்டுபிடித்தாள். "வலது கண்ண மூடிக்கினு பாரு. இது எத்தினி வெரல்?" என்றாள். ஒரு விரலைத்தான் காட்டினாள். நான் மூன்று என்றேன்.

வாப்பாவை அழைத்துக்கொண்டு முதலில் பார்த்த டாக்டர் அம்மாவிடமே போனேன். பழையபடி மெஷினில் தாடையை வைத்தேன். இடது கண்ணின் படத்தில் கீழ்ப்பக்கம் முழுக்கச் சிவப்பு. கருவிழி பிதுங்க ஆரம்பித்துவிட்டது. வலது கண் நன்றாக இருக்கிறது.

அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏம்மா அவசரப்பட்ட?" என்று மட்டும் கேட்டார்கள். நிக்காஹ் இருந்தது என்றேன். "எப்ப நடந்தது?" என்றார்கள். இன்னும் நடக்கவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

கெட்டியான லென்ஸ் ஒன்றை இடது கண்ணில் போட்டுப் பார்க்கலாம், தாங்கினால் ஓரளவு தெரியும். தாங்காவிட்டால் பின்னாளில் வேறு யாருடைய கருவிழியையாவது வைத்துத் தைக்க வேண்டி வரலாம். பழைய கண்ணாடி இனி எந்தக் கண்ணுக்கும் பொருந்தாது.

கம்பெனியில் என்னை அளவு மேசையிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். வெளியே போகும்போது வாப்பா என் இடது பக்கமாகவே நடந்து வருகிறார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவர் இன்னும் கேட்கவில்லை.

மாமியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜபீன்

*

கும்மிடிப்பூண்டி
7.1.2007

ஜபீனுக்கு,

சலாம். பக்ரீத் முடிந்து எழுதலாம் என்று இருந்தேன். நல்ல நாளில் கெட்ட சேதி எதற்கு?

உம்மாவிடம் உன் லெட்டரைப் படித்துக் காட்டினேன். அழுதார்கள். மனசில்லாதவர்கள் என்று நினைக்காதே. ஆனால் ஒத்தக்கண்ணு மருமகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்குப் பிள்ளைகளுக்கும் வந்தால்? உன் வாப்பாவிடம் ஜமாஅத் பெரியவர்கள் வந்து முறையாகப் பேசுவார்கள். நீ என்னைக் குற்றம் சொல்லக் கூடாது. நான் என்ன கத்தியா வைத்தேன்? விலாசம் கொடுத்தேன். படித்தவள் நீ, கணக்குப் போட்டவள் நீ, கையெழுத்துப் போட்டவளும் நீ. நீயே எழுதியிருக்கிறாய், அந்த லெட்டர் என்னிடம் இருக்கிறது.

இனி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரே ஒரு உதவிக்காக எழுதுகிறேன். நௌஷீனின் நெல்லூர் சம்பந்தம் முடிந்துவிட்டது. அவர்களும் கண்ணாடி ஆகாது என்கிறார்கள். பிப்ரவரி பத்தாம் தேதி அவளுக்குச் செய்கிறோம், நீ செய்துகொண்ட அதே இடத்தில்தான். ஆரம்பத்திலிருந்தே உம்மாவின் யோசனை அதுதான்: "மொதல்ல அந்தப் பொண்ணுக்கு ஆவட்டும். எப்படிக் கீதுன்னு பாத்துக்கினு நம்ம பொண்ணுக்குச் செய்லாம்." உன் கண் ஆறு மாதம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் நிக்காஹ்வையும் தள்ளினோம். தாய் மனசு, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கேள்வித்தாள்கூட நௌஷீன் எழுதியதுதான். உன் பதிலைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். உனக்கு இடது கண் போன விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள்.

அவளுக்கு இரண்டு கண்ணும் 490 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. பவர் ஏழு. உன்னுடையதைவிட எட்டு மைக்ரான் ஜாஸ்திதானே? இது பாஸா, பிஆர்கே செய்ய வேண்டுமா, இரண்டு கண்ணுக்கும் ஒன்றா வேறா என்று கணக்குப் போட்டு எழுது. உனக்குத்தான் தெரியும். உன்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

தமீம் அன்சாரி

*

மணவாள நகர்
21.1.2007

தமீம் அன்சாரி அவர்களுக்கு,

வலது கண்ணால் மட்டும் எழுதுகிறேன். வரிகள் மேலும் கீழும் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜமாஅத் பெரியவர்கள் வந்து போனார்கள். வாப்பா அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பினார். பிறகு அந்த நான்கு பக்கத் தாளை எடுத்து வந்து, "இப்ப படிச்சி சொல்லு" என்றார். மூன்றாம் பக்கம் வரை படித்துச் சொன்னேன். நாலாம் பக்கம் வேண்டாம் என்று எழுந்துபோய்விட்டார். அன்று மாலை அவர் கடை திறக்கவில்லை.

நீங்கள் எழுதியதில் ஒன்று சரி. கத்தி வைத்தது நீங்கள் இல்லை. நான் அளந்தேன், சிவப்புத் தட்டு என்று தெரிந்தது, டீவியேஷன் தாளில் நானே கையெழுத்துப் போட்டு என்னை அனுப்பிவிட்டேன். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். யார் கேட்டாலும் காட்டுங்கள், அது உண்மைதான்.

ஆனால் வெங்காயத்தை நான் மறக்கவில்லை. அந்த ஒரு தாளுக்காகத்தான் நீங்கள் பதில் எழுதாமல் இருந்த மாதங்களையும் மன்னித்தேன். ஆறு மாதம் என் குர்ஆனுக்குள் வைத்திருந்தேன். ரோசம்மாள் அன்றைக்கே சொன்னாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நிச்சயத்தன்று எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. நேற்று வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். நீங்கள் இரண்டு பேராகத் தெரிந்தீர்கள். வலது கண்ணுக்கு ஒருத்தர்தான். எந்தக் கண்ணை நம்புவது என்பதில் எனக்கு இப்போது குழப்பம் இல்லை.

நீங்கள் கேட்ட கணக்கைப் போட்டுவிட்டேன். கனம் எட்டு மைக்ரான் ஜாஸ்தி, அது உங்கள் கண்ணில் பட்டது. பவரும் ஒன்று ஜாஸ்தி. அந்த ஒன்று பதினாலு மைக்ரானைத் தின்னும். இரண்டு கண்ணுமே சிவப்புத் தட்டு. லேசிக் எந்தக் கண்ணுக்கும் கூடாது. எனக்காவது ஒரு கண் மிஞ்சியது. பிஆர்கே ஆகுமா, அதுவும் கூடாதா, கண்ணாடியோடே இருக்கட்டுமா என்பதை முதலில் நான் பார்த்த டாக்டர் அம்மாதான் சொல்ல வேண்டும். அந்த விலாசத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அங்கே கேள்வி கேட்பார்கள்.

மீதி எத்தனை மைக்ரான் என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் எத்தனை குறைகிறது என்று பார்ப்பீர்கள், இவ்வளவுதானா என்று ஃப்ரெண்ட்ஸிடம் கேட்பீர்கள், நெல்லூர் வண்டி கேட்டில் நிற்கும், அதையும் டீவியேஷனில் பாஸ் செய்துவிடுவீர்கள். அந்த எண் உங்களுக்கானது இல்லை.

இதுவரை உங்களிடம் இரண்டு முறை கேட்டேன். தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று ஒரு முறை. கண்ணாடியோடு வரலாமா என்று ஒரு முறை. இரண்டுக்கும் இல்லை என்றீர்கள். மூன்றாவதாக ஒன்று மிச்சம் இருக்கிறது. இதைக் கேட்கத்தான் இத்தனையும் எழுதினேன்.

பிப்ரவரி நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நௌஷீனை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். தனியாக. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வரட்டும். அந்த நான்கு பக்கத்தையும் அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டுகிறேன். என் இடது பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். அந்தக் கண்ணால் பார்த்தால் அவள் முகம் எப்படித் தெரிகிறது என்று நானே அவளிடம் சொல்கிறேன்.

ஜபீன்